சந்தேகத்தையும் நேரத்தோடு அனுப்பியவருக்கு

குருதியின் குறிப்பறிந்த கூர்மதியே, கண்ணாடிக் குழாய்களின் கூட்டத்தில் குலையாத நிதானமே, அவசரங்கள் அலைமோதும் மருத்துவமனையில் ஆய்வகம் என்னும் அச்சாணி கழலாமல் காத்த கைகளே, பல்லாண்டுப் பணியைப் பழுதின்றி முடித்து இன்று விடைபெறும் தலைமை ஆய்வக நுட்புநர் அவர்களே, எங்கள் பாசத்துக்கும் பயத்துக்கும் ஒருசேர உரிய அக்கா அவர்களே, வணக்கம்.

தாங்கள் இவ்வாய்வகத்தில் அடியெடுத்து வைத்த நாளில் இங்கே இருந்தவை ஒரு நுண்ணோக்கியும், கால் ஆடும் ஒரு மேசையும், கதவு சரியாக மூடாத ஒரு குளிர்பதனப் பெட்டியும்தான் என்பதைத் தாங்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அன்று தொட்டு இன்று வரை தாங்கள் ஆற்றிய தொண்டினைத் தொகுத்து, வரிசை பிசகாமல் வடித்து, சட்டமிட்டுத் தங்கள் கையில் தர விழைந்தோம். விழைந்ததோடு சரி. "தாங்கள்" என்ற சொல்லை இரண்டு பத்திக்கு மேல் எங்களால் தாங்கிப் பிடிக்க முடியவில்லை. இனி நீங்கள் என்றே பேசுகிறோம், பொறுத்தருள வேண்டும்.

இந்த மடலை எழுதும் பொறுப்பு நுண்ணுயிர்ப் பிரிவில் இருக்கும் என் தலையில் விழுந்தது. மற்ற மேசைகளில் மாதிரி வந்த சூட்டோடு முடிவும் வந்துவிடும். என் மேசையில் கிருமி வளர்ந்து முகம் காட்டும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் நான் பொறுமைசாலி என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. நானும் காகிதத்தை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போய், "அக்காவைப் பத்தி என்ன எழுதலாம்?" என்று கேட்டேன்.

இரத்த அணு எண்ணும் மேசைக்காரர் யோசிக்கவே இல்லை. "ரிசல்ட்டை வேகமாக்கினவங்கன்னு எழுதுங்க" என்றார். பக்கத்து நாற்காலியில் சர்க்கரையும் உப்பும் பார்க்கும் சகோதரி திரும்பி, "எங்க வேகமாக்கினாங்க? அனுப்பப் போன ரிசல்ட்டை எத்தனை தடவை புடிச்சு வச்சிருக்காங்க" என்றார். இரண்டும் உண்மை. கீழ்த்தளத்து அவசரப் பிரிவுச் செவிலியர் ஒருவர் அந்த நேரம் பார்த்து வந்தார். "அவங்க என்ன பண்ணாங்க? லிஃப்ட் சரியாச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதுவும் உண்மையாகவே இருக்கலாம். பேச்சு வளர்ந்தது, தேநீர் ஆறியது, என் காகிதம் வெள்ளையாகவே இருந்தது.

ஆகவே, எதற்காகப் பாராட்டுகிறோம் என்று தெளியாமலேயே உங்களைப் பாராட்ட வந்து நிற்கிறோம். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறோம். அதில் உங்கள் பங்கு எது, மற்றவர் பங்கு எது, தானாக நடந்தது எது என்பதை இச்சபையே முடிவு செய்யட்டும்.

எல்லாம் அந்தப் பெரிய இயந்திரம் வந்த ஆண்டில் தொடங்கியது. அதை உள்ளே நுழைக்கக் கதவையே பெயர்த்தார்கள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பகல் முழுக்கச் செய்வதை அது ஒரு மூச்சில் செய்யும் என்றார்கள், செய்தது. வார்டுகளில் காத்திருந்தவர்களின் காலம் முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் இயந்திரம் வந்த பிறகு, பரிசோதனை முடிவுகள் முன்பைவிடத் தாமதமாக வருவதாக அவசரப் பிரிவிலிருந்து புகார் வந்தது. நாங்கள் சிரித்தோம். கணினியில் பார்த்தோம். உண்மைதான்.

கூட்டம் கூட்டினார்கள். புகாரைக் கொண்டுவந்தவர் அவசரப் பிரிவின் மருத்துவர். ஒவ்வொரு பரிசோதனைச் சீட்டின் தலைமாட்டிலும் "இப்பவே" என்று எழுதி இரண்டு கோடு இழுப்பதால் நாங்கள் அவருக்கு இப்பவே டாக்டர் என்று பெயர் வைத்திருந்தோம். இன்று முன்வரிசையில் இருக்கிறார். இந்தப் பெயர் அவருக்குத் தெரியும் என்பதை நேற்றுதான் அறிந்தோம்.

"புது மெஷின் வந்தப்புறம் இன்னும் லேட்டாகுது. அது எப்படிங்க?" என்று அவர் கேட்டார்.

நீங்கள் எழுந்து, "எனக்கும் தெரியலைங்க டாக்டர். மெஷினுக்குள்ள போனா உடனே வெளிய வந்துடுது. உள்ள போறதுக்கு முன்னாடி அது எங்க இருக்குதுன்னுதான் தெரியல" என்றீர்கள்.

"லேப்லதானே இருக்கும்?"

"அப்படித்தான் நானும் நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

அடுத்த நாள் நீங்கள் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கீழே போய், அவசரப் பிரிவின் வாசல் பெஞ்சில் நோயாளிகளின் உறவினரோடு உறவினராக உட்கார்ந்துகொண்டீர்கள். பக்கத்தில் இருந்த ஒருவர், "உங்களுக்கு யாரு உள்ள இருக்கா?" என்று கேட்டாராம். "யாரும் இல்லைங்க, ரிசல்ட்டுக்காக உட்கார்ந்திருக்கேன்" என்றீர்களாம். "நாங்களும் அதுக்குத்தான்" என்று அவர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாராம். அன்று மாலை வரை நீங்கள் மேலே வரவில்லை.

நீங்கள் பார்த்ததைப் பிறகு எங்களிடம் சொன்னீர்கள். செவிலியர் இரத்தம் எடுத்ததும் குழாயை ஒரு தட்டில் வைக்கிறார். அந்தத் தட்டை மேலே சுமந்து வருபவரைத் தட்டு அண்ணன் என்போம். தட்டு நிறையும்வரை அவர் கிளம்புவதில்லை. லிஃப்ட் ஓடவில்லை, ஆய்வகம் இருப்பதோ உச்சி மாடியில். "ஏண்ணே, எடுக்க எடுக்கக் கொண்டு போகக் கூடாதா?" என்று கேட்டீர்கள். "ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு தடவை ஏறி இறங்கினா, அப்புறம் என் ரத்தத்தை யாரும்மா கொண்டு போறது?" என்று அவர் கேட்டார்.

தட்டு நிறைந்து மேலே வந்தால் எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் வந்து இயந்திரத்தின் வாசலில் வரிசை கட்டின. எல்லாவற்றிலும் "இப்பவே". எதை முதலில் எடுப்பது என்று எங்களுக்குத் தெரியாது. கைக்கு வந்ததை எடுத்தோம். மெல்லிய ஊசியால் அவசரமாக உறிஞ்சிய இரத்தத்தில் அணுக்கள் உடைந்து, தெளிவாக இருக்க வேண்டிய நீர் சிவந்து கிடந்தது. அதை வைத்து உப்பு அளந்தால் பொய் சொல்லும். திரும்பவும் கேட்டு அனுப்பினோம். சில குழாய்களில் ஒட்டிய பெயர் நனைந்து கலைந்திருந்தது. இவ்வளவுக்கும் நடுவில் தொலைபேசி ஓயாமல் அடித்தது. "வந்துச்சா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எழுந்தவர் கையிலிருந்த வேலை நிற்கும். அது நிற்பதால் தாமதம். தாமதத்தால் இன்னொரு அழைப்பு.

"இதுல எதுக்கா முக்கியமான காரணம்?" என்று கேட்டோம்.

"எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. எது பெருசுன்னு எனக்குப் புரியல" என்றீர்கள். எல்லாம் தெரிந்தவர் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்த ஒருவர் வாயிலிருந்து அதைக் கேட்டபோது எங்களுக்குக் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது.

புரியாவிட்டாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை நீங்கள். முதல் காரியமாகத் தொலைபேசியின் கம்பியைப் பிடுங்கி, அதைத் தூக்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டினீர்கள். முடிவுகள்தான் வார்டுக் கணினியிலேயே தெரிகின்றனவே, பிறகு எதற்குக் கேள்வி என்றீர்கள். அடுத்தது இப்பவே டாக்டரிடம் போனீர்கள்.

"எல்லாத்துக்கும் இப்பவேன்னு போட்டா எதுவுமே இப்பவே நடக்காது டாக்டர். நிஜமா பயமா இருக்கிறதுக்கு மட்டும் போடுங்க."

அவர் பேனாவை மூடி வைத்தார். "எனக்கு எல்லாத்துக்குமே பயமாத்தாங்க இருக்கு" என்றார்.

கூட வந்திருந்த நாங்கள் சுவரைப் பார்த்தோம். பிறகு, "சரி, அதிகமா பயமா இருக்கிறதுக்கு ஒரு தட்டு, கம்மியா பயமா இருக்கிறதுக்கு ஒரு தட்டு. முடியுமா?" என்று கேட்டீர்கள். அவர் தலையசைத்தார். சிவப்புத் தட்டு அப்படித்தான் வந்தது. அது நிறையக் காத்திருக்காமல் உடனே மேலே வரும்.

முடிவுகள் வேகமாயின. ஆனால் அதே மாதத்தில்தான் லிஃப்டும் ஓடத் தொடங்கியது. அதே மாதத்தில்தான் ஊசிகளை மாற்றினார்கள். இயந்திரத்தை விற்றவர்கள் ஆள் அனுப்பி அதன் வயிற்றைத் திறந்து எதையோ திருகிவிட்டுப் போனதும் அப்போதுதான். ஊரைப் பிடித்திருந்த காய்ச்சலும் அந்த மாதம் ஓய்ந்து, வருகிற கூட்டமே குறைந்திருந்தது. எது எதனால் என்று இன்றளவும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நிர்வாகி உங்களைக் கூப்பிட்டு மனமாரப் பாராட்டிவிட்டு, எந்த நடவடிக்கையால் இது நிகழ்ந்தது என்று கேட்டார். தெரியவில்லை என்றீர்கள். அடக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இத்தோடு இந்த மடலை முடித்திருந்தால் சட்டத்துக்குள் அழகாக அடங்கியிருக்கும். ஆனால் நாங்கள் எழுதத் தொடங்கியது எப்படியோ உங்கள் காதுக்கு எட்டி, போன வாரம் என் மேசைக்கு வந்தீர்கள். "என்னைப் பத்தி எழுதுறதா இருந்தா தையல்கடைக்காரம்மாவைப் பத்தியும் எழுதணும். இல்லைன்னா எதையும் எழுதாதே" என்றீர்கள். பணி நிறைவு விழாவில் இதையெல்லாம் வாசிக்கலாமா என்று எங்களுக்குள் பெரிய விவாதம். பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். நீங்கள் சொன்ன பிறகு எங்களுக்கு வேறு வழியில்லை.

முன்பு ஒருமுறை, அடுத்தடுத்த கட்டிலில் ஒரே பெயருள்ள இருவர் படுத்திருந்தபோது, ஒருவர் இரத்தம் இன்னொருவர் பெயரில் மேலே வந்தது. எண்ணைப் பார்த்ததும் உங்களுக்கு இடித்தது. அனுப்பாமல் பிடித்து வைத்து, புது இரத்தம் கேட்டு, குளறுபடியைக் கண்டுபிடித்தீர்கள். தேவையில்லாத சிகிச்சையிலிருந்து ஒருவர் தப்பினார். அன்றிலிருந்து இது எங்கள் சட்டமானது: நம்ப முடியாத எண் வந்தால் அனுப்பாதே, புது இரத்தம் கேள். அந்தச் சட்டத்தை நாங்கள் மனப்பாடமாக வைத்திருந்தோம்.

தையல்கடைக்காரம்மா கடையில் ஏணியிலிருந்து வழுக்கி விழுந்து, விலாவில் வலி என்று வந்து சேர்ந்தவர். கூடவே அவருடைய அக்கா. காலையில் எடுத்த இரத்தத்தில் ஹீமோகுளோபின் நன்றாகவே இருந்தது. மதியம் எடுத்ததில் ஏறக்குறையப் பாதிக்கு இறங்கியிருந்தது. சிவப்புத் தட்டில், ஒரு நொடி வீணாகாமல் வந்த குழாய் அது. இயந்திரமும் ஒரு நொடி வீணாக்கவில்லை. நீங்கள் எண்ணைப் பார்த்தீர்கள். பேசிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு அரை நாளில் இப்படி இறங்குமா? டிரிப்ஸ் ஏறும் கையிலேயே எடுத்திருப்பார்கள், மருந்து நீர் கலந்து இரத்தம் நீர்த்திருக்கும் என்று நினைத்தீர்கள். நாங்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம். அது வாரம் தவறாமல் நடக்கிற தவறு. முடிவை அனுப்பாமல் நிறுத்தினீர்கள். தட்டு அண்ணனிடம், "டிரிப்ஸ் இல்லாத கையில புதுசா எடுத்து அனுப்பச் சொல்லுங்கண்ணே" என்று சொல்லிவிட்டீர்கள்.

தொலைபேசி இழுப்பறைக்குள் இருந்தது. கீழே, ஒரு விபத்தில் அடிபட்டவர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். தட்டு அண்ணன் சொல்லத்தான் செய்தார். கேட்ட செவிலியர் "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு வேறொரு கட்டிலுக்கு ஓடினார். வார்டுக் கணினியில் அந்த அம்மாவின் பெயருக்கு நேரே வெறும் இடம் இருந்தது. இன்னும் வரவில்லை போல என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். அந்த வெறும் இடத்துக்குப் பின்னால் மேல்மாடியில் ஒருவர் கலங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது குழாய் வந்தபோது எண் இன்னும் கீழே போயிருந்தது. நீங்கள் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியில் இறங்கி ஓடினீர்கள். நீங்கள் ஓடி நாங்கள் பார்த்தது அன்றுதான். நீங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மா கண்மூடிக் கிடந்தார். அவருடைய அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "யாராவது வாங்களேன், யாராவது பாருங்களேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். விழுந்ததில் கிழிந்திருந்த மண்ணீரல் உள்ளுக்குள்ளேயே கசிந்து வயிறு நிறைந்துவிட்டது. உடனே அறுவை அரங்குக்குக் கொண்டு போனார்கள். பிழைத்தார். ஆனால் சுலபமாகப் பிழைக்கவில்லை. நெடுநாள் செயற்கை மூச்சில் இருந்தார். வீட்டுக்குப் போன பிறகும் பல மாதம் தையல் மிதியை மிதிக்கக் காலில் தெம்பில்லை.

அன்று மாலை இப்பவே டாக்டர் மேலே வந்தார். கத்துவார் என்று நாங்கள் ஆளுக்கொரு மூலையில் வேலை இருப்பதுபோல நின்றுகொண்டோம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உங்கள் எதிரில் உட்கார்ந்தார்.

"மொத நம்பரை நான் அனுப்பியிருந்தா உடனே தூக்கியிருப்பீங்க" என்றீர்கள். நீங்கள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெரியலைங்க. அந்த நம்பரைப் பார்த்திருந்தா நானே டிரிப்ஸ் கையில எடுத்துட்டாங்கன்னு தள்ளி வச்சிருப்பேனோ என்னவோ. அந்த நேரத்துல வாசல்ல அத்தனை பேரு."

"அப்ப அனுப்பினாலும் தப்பு, அனுப்பலைன்னாலும் தப்பா?"

அவர் யோசித்தார். "நீங்க குழம்பிப் போய் உட்கார்ந்திருக்கீங்கன்னு எனக்கு ஒரு வார்த்தை வந்திருந்தா, போய் அந்த அம்மா வயித்துல கைய வச்சுப் பார்த்திருப்பேன். அது மட்டும் தெரியும்."

நீங்கள் மேசைமேல் கிடந்த முடிவுச் சீட்டை அவர் பக்கம் திருப்பினீர்கள். "குழப்பத்தை இதுல எந்தக் கட்டத்துல டாக்டர் எழுதுறது?"

அவர் சீட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அப்படி ஒரு கட்டம் இல்லை.

அதற்குப் பிந்தைய நாட்களை நாங்கள் மறக்கவில்லை. ஒரு வாரம் எல்லாக் குழாய்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தீர்கள், ஆய்வகமே ஊர்ந்தது. அடுத்த வாரம் எதையும் நிறுத்தாதே, வருவதை அப்படியே அனுப்பு என்றீர்கள். அனுப்பிவிட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னம்மா ஆச்சு உங்க அக்காவுக்கு? வீட்ல கதவைப் பூட்டிட்டு, திரும்பத் தொறந்து, திரும்பப் பூட்டுறா. சரியா பூட்டியிருக்கான்னு என்னையும் வந்து பார்க்கச் சொல்றா" என்றார்.

அந்த அம்மா கண் விழித்த பிறகு அவரைப் பார்க்கப் போனீர்கள். துணைக்கு என்னை அழைத்துப் போனதால் அங்கே பேசியது எனக்குத் தெரியும். வாசலிலேயே அவருடைய அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"நான் லேப்ல இருந்து வர்றேங்க. அன்னைக்கு உங்க தங்கச்சி ரிசல்ட்டை நிறுத்தி வச்சது நான்தான்."

"ஏன் நிறுத்துனீங்க?"

"தப்பா இருக்குமோன்னு நினைச்சேன்."

"தப்பா இருந்துச்சா?"

"இல்லைங்க. சரியாத்தான் இருந்துச்சு."

"அனுப்பியிருந்தா இவ்வளவு ஆகியிருக்காதா?"

"தெரியாதுங்க."

"தெரியாதுன்னு சொல்றதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"ஆமாங்க."

அந்தப் பெண்மணி உங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வழிவிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. உள்ளேயிருந்து தங்கைதான் பலவீனமான குரலில், "யாருக்கா அது? உள்ள வரச் சொல்லு" என்றார். நீங்கள் உள்ளே போய் உட்கார்ந்தீர்கள். அங்கே யாரும் யாரையும் மன்னித்ததாக எனக்குத் தோன்றவில்லை. கட்டிலில் இருந்தவர் உங்கள் கைப்பையின் பிய்ந்த வாரைப் பார்த்து, "இதைத் தச்சுக்கக் கூடாதா?" என்று கேட்டார். அதோடு திரும்பி வந்தோம்.

மறுநாள் இழுப்பறை திறந்தது. தொலைபேசி திரும்பவும் மேசைக்கு வந்தது. இம்முறை அதில் வெளியிலிருந்து யாரும் கூப்பிட முடியாது. நாங்கள் மட்டும் கூப்பிடலாம். எங்களை எல்லாம் சுற்றி நிறுத்தி ஒரு பாடம் சொன்னீர்கள். நம்ப முடியாத எண் வந்தால் அதை ஒளித்து வைக்காதே; தெளிவான எண் போலவும் அனுப்பாதே; எடுத்துக் கூப்பிடு. என்ன சொல்ல வேண்டும் என்று நீங்களே பேசிக் காட்டினீர்கள்: "டாக்டர், இப்படி ஒரு நம்பர் வருது. என்னால நம்பவும் முடியல, பொய்யின்னும் சொல்ல முடியல. நான் மறுபடி பார்க்கிறேன். நீங்க ஆளைப் பாருங்க." எங்களுக்கு வெட்கமாக இருந்தது. படித்துப் பட்டம் வாங்கியவர்கள் தொலைபேசியை எடுத்து, எனக்குக் குழப்பமாக இருக்கிறது என்று சொல்வதா?

முதல் அழைப்பை நீங்களே செய்தீர்கள். ஒரு முதியவரின் இரத்தம். இப்பவே டாக்டர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடினார். இணைப்பைத் துண்டிக்காமல் காத்திருந்த உங்கள் காதில், திரும்பி வந்து அவர் பேசிய குரல் பக்கத்தில் நின்ற எங்களுக்கும் கேட்டது.

"பெரியவர் நல்லாத்தான் இருக்காருங்க. உட்கார்ந்து தலை வாரிக்கிட்டு இருக்காரு. டிரிப்ஸ் கையிலதான் எடுத்திருக்காங்க."

"நல்லது டாக்டர்."

"நான் ஓடினது?"

"அதுவும் நல்லதுதான்."

அடுத்த அழைப்பும் வீண். அதற்கடுத்ததும் வீண். வார்டில் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். மேலே இருப்பவர்களுக்குச் சந்தேகம் வந்தால் கீழே இருப்பவர்களுக்குக் கால் வலிக்கிறது என்றார்கள். நீங்களும் ஆட்டம் கண்டீர்கள், "நிறுத்திடலாமா?" என்று என்னிடமே ஒருமுறை கேட்டீர்கள். அந்த வாரத்தில்தான் பிரசவ வார்டிலிருந்து ஒரு குழாய் வந்து, அணு எண்ணும் மேசைக்காரர் எண்ணைப் பார்த்துத் திகைத்து, உங்களைத் தேடாமல் தானே தொலைபேசியை எடுத்துப் பேசினார். அங்கே மருத்துவர் போர்வையை விலக்கிப் பார்த்தபோது விரிப்பு இரத்தத்தில் நனைந்திருந்தது. அந்தத் தாயும் குழந்தையும் நடந்து வீட்டுக்குப் போனார்கள். அதாவது தாய் நடந்தார், குழந்தை தூங்கியது. அதற்குப் பிறகு முணுமுணுப்பு குறைந்தது. வீண் அழைப்புகள் குறையவில்லை. இன்றும் பெரும்பாலானவை வீண்தான். எது வீண், எது வீணில்லை என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா என்று தேடிக்கொண்டே இருந்தீர்கள். கிடைக்கவில்லை.

புகழ் பரவி, வேறொரு மருத்துவமனையிலிருந்து ஒரு குழு உங்கள் வழிமுறையைக் கற்க வந்தது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எதை முதலில் செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். லிஃப்டைக் காட்டினீர்கள், இரண்டு தட்டுகளைக் காட்டினீர்கள், ஊசியைக் காட்டினீர்கள். இதில் எதனால் முடிவுகள் வேகமாக வருகின்றன என்று கேட்டார்கள். "அது தெரியாது. ஒரு நாள் உங்க வாசல் பெஞ்சுல போய் உட்கார்ந்து பாருங்க. உங்களுக்கு வேற ஏதாவது தெரியலாம்" என்றீர்கள். வந்தவர்கள் நன்றி சொல்லிவிட்டு, வந்ததைவிட அதிகக் குழப்பத்தோடு வண்டியேறினார்கள்.

அன்புக்குரிய அக்கா அவர்களே, இதுதான் நடந்தது. கடமையில் கண்டிப்பும் கனிவும் கலந்தவர் நீங்கள் என்று எழுதினால் அது பொய்யாகாது. காலம் தவறாதவர், கைசுத்தமானவர், கடிந்து பேசினாலும் கசப்பு வைக்காதவர் என்றாலும் பொருந்தும். ஆனால் அவற்றை எந்தத் தலைமை நுட்புநருக்கும் எழுதிச் சட்டமிடலாம். உங்களுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. தெரிந்ததைத் தெரிந்தது என்று சொல்லப் பலர் எங்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். தெரியாததைத் தெரியாது என்று, அதுவும் காலம் கடப்பதற்கு முன்னால், கேட்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை என்று சொல்ல உங்களிடம்தான் கற்றோம். அது எங்களை வேகமாக்கியதா, மெதுவாக்கியதா என்று கேட்டால், மேசைக்கு மேசை பதில் மாறும்.

இந்த விழாவுக்குத் தையல்கடைக்காரம்மாவையும் அவர் அக்காவையும் அழைத்தோம். தங்கை வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில், சன்னலோரம். அக்கா வரவில்லை. காரணம் நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை முதல் உங்கள் நாற்காலியில் உட்காரப் போகிற தம்பி நேற்று உங்களிடம், "எந்த நம்பரை நம்பணும், எதை நம்பக் கூடாதுன்னு எப்படிக்கா கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. அத்தனை ஆண்டு அனுபவத்தின் சாறு வரப்போகிறது என்று நாங்களும் கையிலிருந்த வேலையை நிறுத்தினோம். "எனக்கு இன்னும் பிடிபடலப்பா. உனக்குப் பிடிபட்டா எனக்கொரு போன் பண்ணு" என்று சொல்லிவிட்டுக் கோட்டை மடிக்கத் தொடங்கினீர்கள். தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. அவருக்கு நாங்கள் தண்ணீர் கொடுத்தோம்.

நீங்கள் நோயின்றி, நொடியின்றி, நெடுங்காலம் வாழ்க. பூட்டிய கதவைத் திரும்பத் திறந்து பார்க்காத நிம்மதி உங்களுக்கு வாய்க்கட்டும்; உங்கள் வீட்டுக்காரருக்கும் வாய்க்கட்டும். உங்கள் இரத்தம் எங்கள் மேசைக்கு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும், காலை வெறும் வயிற்றில், வழக்கமான பரிசோதனைக்காக மட்டும் வந்து சேரட்டும். அந்தக் காலையில் நீங்கள் வழக்கம்போலக் கடைசி ஆளாக வரிசையில் நிற்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். உங்கள் பெயர் ஒட்டிய குழாய் மேலே வந்ததும் நாங்கள் எண்ணைப் பார்க்க மாட்டோம். எல்லோருமாகக் கைகளைக் கழுவிக்கொண்டு, இயந்திரத்தை அதன்பாட்டுக்கு ஓடவிட்டு, முதலில் கீழே இறங்கி வந்து உங்களைப் பார்ப்போம். தாமதம் என்று புகார் வந்தால் வரட்டும்.

என்றும் உங்கள் அன்பில் தெளிவும், மற்ற எல்லாவற்றிலும் கொஞ்சம் குழப்பமுமாக,
ஆய்வகத்தின் எல்லா மேசையினரும்,
தட்டு அண்ணனும்,
தானும் கையெழுத்திட வேண்டும் என்று கேட்டு வாங்கிய அவசரப் பிரிவு மருத்துவரும்.